தமிழரசி பூசி மறைத்த கோடு

கார் சக்கரம் உடையும் என்று தமிழரசி அதுவரை நினைத்ததே இல்லை. டயர் வெடித்துப் பார்த்திருக்கிறாள். போல்ட்டு கழன்று சக்கரம் தனியாக உருண்டு ஓடியதைக்கூட ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் டயரைத் தாங்குகிற அலாய் வளையமே, பிஸ்கட்டைக் கடித்துப் போட்டதுபோல ஒரு சாண் அளவுக்குப் பிய்ந்து நடுரோட்டில் கிடந்ததைப் போன ஆண்டு ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்த்தாள். காவலூருக்குக் கீழே, மலை இறங்குகிற வழியில், வளைவு ஒன்றில். குனிந்து அந்தத் துண்டை எடுத்துத் திருப்பினாள். அதன் மேல் அவள் கையால் அடித்த வெள்ளி நிறப் பெயிண்ட் இருந்தது.

நான் காவலூரில் பள்ளி ஆசிரியை. என் ஸ்கூட்டரை எட்டு வருடமாக அவளிடம்தான் கழுவக் கொடுக்கிறேன். நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அவள் சொன்னாள், அதுவும் ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

தமிழரசி மலையிலேயே பிறந்தவள். அப்பாவுக்குச் சாமை விளைகிற கொல்லையும் சில புளிய மரங்களும். பிளஸ் டூ முடித்த வருடம் சென்னைப் பக்கத்துக் கார் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஆலங்காயத்தில் வேன் வந்து நின்றது. அதில் ஏறிப் போனவள் ஆறு வருடம் அங்கே வேலை செய்தாள். பெயிண்ட் அடித்த கார்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும். இரண்டு பக்கமும் டியூப் லைட் எரியும். வெள்ளைக் கையுறை போட்ட கையால் கதவையும் கூரையையும் தடவிப் பார்த்து, பெயிண்டுக்குள் ஒரு தூசி மாட்டியிருந்தாலும் கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும். அதுதான் வேலை. ஒரு காருக்கு ஒன்றரை நிமிடம். அவள் கையைத் தாண்டி ஒரு கீறலும் போனதில்லை என்று சூப்பர்வைசர் அம்சவல்லி மேடம் எல்லோரிடமும் சொல்வாராம்.

காண்ட்ராக்ட் முடிந்தது, திரும்ப எடுக்கவில்லை. ஊருக்கு வந்து கோபாலைக் கட்டிக்கொண்டாள். கோபால் டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவருடைய நிலம் ரோட்டை ஒட்டி இருந்தது. அதில் தகரக் கூரை போட்டு, போர் தண்ணீரை இழுத்து, ‘தமிழ் வாட்டர் வாஷ்’ என்று பெயர் எழுதி வைத்தாள். முதலில் டிராக்டரும் பைக்கும்தான் வந்தன. பிறகு காவலூர் வானாய்வகத்தில் வேலை செய்கிறவர்களின் கார்கள், அதற்குப் பிறகு மலை பார்க்க வருகிறவர்களின் கார்கள். பாலிஷ், கோட்டிங், கீறல் விழாமல் ஒட்டுகிற பிலிம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். வேலூரில்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

அன்பரசனின் கார் முதன்முதலில் அவள் கடை வாசலில் வந்து நின்றபோது அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நீல நிறத்தில், தரையோடு தரையாக, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அன்பரசனுக்கு ஒடுகத்தூர். அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர். இவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. காவலூருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தான். காரை ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தான்.

“இன்னா சார், சாமைத் தாள் மேல வுட்டுட்டீங்களா?” என்று கேட்டபடியே தமிழரசி படுத்து அடியில் பார்த்தாள். அறுவடை சமயத்தில் எங்கள் மலையில் கதிரை ரோட்டில் பரப்பி வைப்பார்கள். வண்டிகள் ஏறிப் போனால் தானாக மணி உதிரும்.

“ரோட்டுல போட்டு வெச்சிக்கிறாங்க, நான் இன்னாக்கா பண்றது? பஸ்ஸு போச்சு, நானும் போனேன்.”

“பஸ்ஸுக்கு வயிறு மேல இர்க்குது சார். உங்க வண்டிக்குத் தரையில இர்க்குது. சைலன்ஸர்ல சுத்திக்கினு நெருப்பு புடிச்சிக்கும்.” கையை விட்டுக் கருகிய தாளைக் கொத்துக்கொத்தாக இழுத்துப் போட்டாள்.

பிறகு எழுந்து காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முன் பம்பரில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள்.

“ஜல்லி லாரி பின்னாடியே ஒட்டிக்கினு வர்றீங்க, இல்ல?”

அன்பரசன் சிரித்துவிட்டான். “எப்படிக்கா தெரியும்?”

“பம்பரே சொல்லுதே. லாரிய முன்ன போவ வுடுங்க. நூறு அடி தள்ளி வாங்க. அப்புறம், புளிய மரத்தடியில நிறுத்தாதீங்க. புளியம்பழம் வுழுந்து வெயில்ல காஞ்சா பெயிண்ட் அரிச்சிடும். காக்கா எச்சம் வுழுந்தா அன்னிக்கே தண்ணி ஊத்தித் தொடைங்க, காஞ்சப்புறம் சொரண்டாதீங்க. மலை எறங்கி வந்தவொடனே சக்கரத்துல தண்ணி ஊத்தவே கூடாது, பிரேக்கு கொதிச்சினு இர்க்கும். பாடி தொடைக்கிற துணிய சக்கரத்துல போடாதீங்க, சக்கரத்துத் துணிய பாடியில போடாதீங்க.”

“எங்கம்மா கூட இவ்ளோ சொன்னதில்லக்கா.”

அதற்கடுத்த வாரமே அவன் மனைவி பிரியதர்ஷினியோடு வந்து, முன்பக்கம் முழுவதும் பிலிம் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனான். பிரியதர்ஷினி ஆரணிப் பெண். அதிர்ந்து பேச மாட்டாள். காரைவிடத் தமிழரசி வளர்த்த கனகாம்பரம்தான் அவளுக்குப் பிடித்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் பறித்துக்கொண்டு போவாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. வார இறுதி என்றால் நீலக் கார் வரும். போன ஆண்டு தை மாதக் கடைசியில் அன்பரசன் தனியாக வந்தான். முன்பக்க இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசி, விளிம்பெல்லாம் வெள்ளையாகச் சுரண்டியிருந்தது.

“அக்கா, இத்த புதுசு மாதிரி பண்ணித் தரணும். வெளிநாட்டுல இர்ந்து புது வீல் வர்றதுக்கு ஆறு மாசம் ஆவுமாம்.”

அலாய் சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையை அதுவரை தமிழரசி செய்ததில்லை. ஆனால் பெயிண்ட் பெயிண்ட்தானே என்று நினைத்தாள். ஒத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கடை சேட்டு டயருக்குப் பஞ்சர் பார்க்கிறவர். அவர் டயரைக் கழற்றிக் கொடுத்தார். சக்கரத்தைக் கழுவித் துடைத்தபோது உட்புறத்தில், டயர் மூடியிருக்கும் இடத்தில், ஒரு கோடு தெரிந்தது. இரண்டு விரல் நீளம். தலைமுடி கனம். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தாள். நகம் லேசாகத் தட்டியது.

அன்பரசனுக்கு போன் போட்டாள். “சார், இந்த டயர்ல காத்து இறங்குதா?”

“இல்லக்கா. ஏன்?”

“ஒண்ணுமில்ல, உள்ள ஒரு கோடு மாதிரி தெரியுது.”

“அது சக்கரத்த உருக்கி ஊத்தும்போது வார்ப்புல வந்த கோடா இர்க்கும். நீங்க அடிங்க.”

வார்ப்புக் கோடு என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கம்பெனியில் சக்கரம் அவள் பக்கம் வந்ததே இல்லை. கடையில் அவள் கற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது. கோட்டில், பள்ளம் நிரப்புகிற பசையான பட்டியை வைத்து அடைத்தாள். காயவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். பிரைமர் அடித்து, வெள்ளிப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, மேலே வார்னிஷ் அடித்தாள். டயரே மூடிவிடப் போகிற அந்த இடத்தையும் வெளிப்புறம்போலவே பளபளவென்று ஆக்கினாள். விரலை வைத்துத் தடவினால் கோடு இருந்த இடமே தெரியவில்லை. சேட்டு டயரை மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்து, “ஒரு குமிழி கூட வரலம்மா, காத்து கல்லு மாதிரி நிக்குது” என்றார்.

அன்பரசன் சக்கரத்தைப் படம் எடுத்துத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். அதைப் பார்த்து, அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் பதினோரு சக்கரங்கள் அவளிடம் வந்தன. எல்லாவற்றையும் அதே மாதிரி செய்து கொடுத்தாள். பெயர்ப் பலகையில் ‘அலாய் வீல் பெயிண்டிங்’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் நல்ல மழை. ரோட்டில் பள்ளங்களெல்லாம் தண்ணீர். காலை ஒன்பது மணிக்குமேல், மேலே ஏறி வந்த பஸ்ஸின் கண்டக்டர் கடை முன்னால் இறங்கி, “உங்ககிட்ட வர்ற நீலக் கார் கீழ சொவுத்துல ஏறிக்கினு நிக்குது, அந்தப் பொண்ணுக்கு அடி” என்று கத்தினார். தமிழரசி கையிலிருந்த ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டு சேட்டுவின் மொபெட்டில் அவர் பின்னால் ஏறிப் போனாள்.

காரின் மூக்கு தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். மரங்களின் தலைதான் தெரிந்தது. முன் இடது சக்கரத்தில் டயர் கந்தலாகத் தொங்கியது. பிரியதர்ஷினியை ரோட்டோரக் கல்மேல் உட்கார வைத்திருந்தார்கள். இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முனகினாள். அன்பரசன் செருப்பில்லாமல் நின்று, கையிலிருந்த போனைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“இன்னா சார் ஆச்சு?”

“தெர்லக்கா... ஒரு பள்ளம்... சின்னப் பள்ளம்தான். எறங்கி ஏறுச்சி. டமார்னு சத்தம். அப்புறம் வண்டி என் கையில இல்ல.”

ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனது. கூட்டம் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழரசி ரோட்டில் அவன் சொன்ன பள்ளத்தைப் பார்க்க நடந்தாள். அங்கேதான் அந்தத் துண்டு கிடந்தது.

துண்டு பிளந்த பக்கத்தில், அந்த உடைந்த வாயில், இரண்டு நிறம் இருந்தது. பெரும்பகுதி, அப்போதுதான் உடைத்த கற்கண்டு மாதிரி மினுங்கியது. அது புது உடைசல். ஆனால் உட்பக்கத்து ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு மங்கலாக, டீக்கறை படிந்ததுபோல இருந்தது. அது பழையது. அந்தக் கறுத்த பாகத்தின் விளிம்பில் நூல்போல மஞ்சள் வெள்ளையாகப் பட்டி. அதற்கு மேலே நூலைவிட மெல்லியதாக வெள்ளிப் பெயிண்ட்.

நடுரோட்டில் நின்றபடி நகத்தை அதன் மேல் வைத்தாள். தை மாதத்தில் தட்டிய அதே இடம்.

அது கோடு இல்லை. விரிசல். அன்றைக்கே விரிசல்தான். அதற்குள் பட்டியை அடைத்து, மேலே பளபளப்பாக்கி, ஐந்து மாதம் இரண்டு உயிர்களை அதன்மேல் உட்கார வைத்து மலை ஏற்றி இறக்கியவள் தான்தான் என்பது அவளுக்குப் புரிந்தபோது காதில் ஒரு சத்தமும் விழவில்லை என்று சொன்னாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்திருக்கிறது. சேட்டுதான் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்திருக்கிறார். துண்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, கடையில் துடைக்கும் துணி போடுகிற சாக்குக்குள் போட்டாள்.

ஊரே ரோட்டைத் திட்டியது. பள்ளத்தை மூடாததால் வந்த விபத்து என்று நான்கு பேர் மனு கொடுத்தார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான். இன்சூரன்ஸ்காரர் வந்து பள்ளத்தையும் காரையும் படம் எடுத்துக்கொண்டு, ‘பள்ளத்தில் மோதியதால் சக்கரச் சேதம்’ என்று எழுதிக்கொண்டு போனார். பிய்ந்த துண்டு எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை அன்பரசன் போன் செய்தான். பிரியதர்ஷினிக்குக் காறை எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது, விலா எலும்பு இரண்டு, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றான். கடைசியில், “சொவுத்துல அவ்ளோ தேச்சும் நீங்க பிலிம் போட்ட எடத்துல பெயிண்ட் போவலக்கா” என்றான். தமிழரசி போனை வைத்தாள். சாக்குக்குள் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் துண்டைக் கோபாலிடம் காட்டி, தான் பட்டி வைத்து மூடியதைச் சொன்னாள். அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப வுடு தமிழு. வேணும்னு செஞ்சியா நீ? இத்த வெளிய சொன்னா கடைய மூட வேண்டியதுதான். போலீசுக்கு இழுப்பாங்க.”

“இன்னும் பதினோரு சக்கரம் ஓடினு இர்க்குதுங்க.”

கோபால் நிமிர்ந்து பார்த்தார். அதை அவர் யோசிக்கவில்லை.

“ஒவ்வொண்ணுலயும் நான் பட்டி வெச்சிக்கிறேன். எதுல கோடு இர்ந்துச்சி, எதுல வெறும் சொரண்டல் இர்ந்துச்சின்னு எனக்கே ஞாபகமில்ல. எல்லாத்தையும் ஒரே மாதிரி மூடிட்டேன்.”

துண்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, “காலைல வேலூருக்கு முத பஸ்ஸுல ஏத்தி வுடறேன்” என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பிரியதர்ஷினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை கட்டு. அன்பரசன் பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். தமிழரசியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினான். அவள் உட்காரவில்லை. துணிக்கடைப் பையிலிருந்து துண்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

“சார், மேடம், உங்க சக்கரம் பள்ளத்துல வுழுந்ததால மட்டும் ஒடையல. முன்னாடியே விரிசல் இர்ந்திருக்குது. நான் அத்த கோடுன்னு நெனச்சிப் பட்டி வெச்சி மூடிட்டேன். இதோ பாருங்க, இது பட்டி. தப்பு என்னுது.”

அதற்குமேல் என்ன பேசுவதென்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. பிரியதர்ஷினி வலது கையால் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அக்கா, விரிசல் இர்ந்தா காத்து இறங்குமா?”

“இறங்கும்மா. அதான் சார்கிட்ட அன்னிக்கே கேட்டேன். இறங்கலன்னாரு.”

பிரியதர்ஷினி கணவன் பக்கம் திரும்பினாள். “போன வருஷம் தீபாவளிலருந்து வாராவாரம் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி அந்த ஒரு டயருக்கு மட்டும் காத்து புடிப்பியே. நான் கூட கேட்டேனே, ஏன் இது மட்டும் இப்படி இறங்குதுன்னு.”

அன்பரசன் கையில் சாத்துக்குடி அப்படியே இருந்தது.

“சொல்லு.”

“பெங்களூர்ல ஒரு கடையில பார்த்தாங்க,” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. “வீல்ல க்ராக் இர்க்குது, மாத்திடுங்கன்னு சொன்னாங்க. புது வீல் வர ஆறு மாசம். அதுவரைக்கும் வண்டிய நிறுத்தி வெக்கணும். அக்கா வேலை செஞ்சதுக்கப்புறம் காத்து இறங்கறது நின்னுடுச்சி. சரியாயிடுச்சின்னு நெனச்சேன்.”

தமிழரசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதுகூட அடுத்துதான் மனதில் ஏறியது. முதலில் ஏறியது வேறு. அந்தக் காற்று வாராவாரம் இறங்கிக்கொண்டே இருந்திருந்தால், என்றைக்காவது ஒருநாள் சலித்துப் போயாவது சக்கரத்தை மாற்றியிருப்பான். இறங்கவிடாமல் அடைத்தது அவள் வைத்த பட்டி. அவள் வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு ஆபத்து.

“நான் அந்த சீட்டுல தூங்கினு வந்தேன்,” என்றாள் பிரியதர்ஷினி. குரல் உயரவில்லை. “ஒவ்வொரு வாரமும் எறங்கும்போது தூங்குவேன். பக்கத்துல உக்காந்துனு நீ ஓட்டினே. தெரிஞ்சி.”

“பிரியா, நானும்தானே அதே வண்டியில...”

“வெளிய போ.”

அவன் போனான். கதவு மூடிய பிறகு அவள் தமிழரசியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை.

“நீங்களும் பார்த்திருக்கணும் இல்லக்கா? நகம் தட்டுச்சின்னு சொல்றீங்க.”

“ஆமாம்மா. பார்த்திருக்கணும்.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் திருப்பிக் குடுத்திருக்கலாம்.”

“ஆமாம்மா.”

“போய்ட்டு வாங்க. வந்து சொன்னீங்க. அது போதும்.”

போதும் என்று அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று தமிழரசிக்கு இன்றுவரை தெரியாது. மன்னிப்பா, இனி வராதே என்பதா. அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. இன்சூரன்ஸ்காரருக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு அன்பரசன் ஒரு வரி அனுப்பினான். பிரியதர்ஷினி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆரணியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காவலூரில் கட்டிய வீடு ஜன்னல் வைக்காமல் அப்படியே நிற்கிறது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தமிழரசி பழைய கம்பெனி சூப்பர்வைசர் அம்சவல்லிக்கு போன் போட்டாள். விரிசலைக் கண்டுபிடிக்க என்ன வழி என்று கேட்டாள். அதற்கென்று சிவப்புச் சாய ஸ்பிரே இருக்கிறது என்றார் அவர். பெயிண்டை எடுத்துவிட்டுச் சாயத்தை அடிக்க வேண்டும், பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் ஸ்பிரேயை அடிக்க வேண்டும், விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்பாகக் கசியும். ஒரு நிமிடம் நிறுத்தி, “ஏம்மா, இது தெரியாமத்தான் வீலுக்குப் பெயிண்ட் அடிச்சினு இர்ந்தியா?” என்றார்.

அந்த இரண்டு ஸ்பிரேயையும் வேலூரிலேயே வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். அன்றிரவே பதினோரு பேருக்கும் போன் செய்தாள். சக்கரத்தைக் கொண்டு வாருங்கள், நான் அடித்த பெயிண்டை நானே சுரண்டிப் பார்க்க வேண்டும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்றாள். சிலர் பயந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். ஒருவர் கார் ஷெட்டில்தான் இருக்கிறது, நான் துபாயில் இருக்கிறேன், வந்ததும் பார்க்கலாம் என்றார். ஒருவர் போனை எடுக்கவே இல்லை. இரண்டு நாளில் ஒன்பது பேர் வந்தார்கள்.

அந்த இரண்டு நாளும் நான் அங்கே இருந்தேன். பளபளவென்று இருந்த ஒவ்வொரு சக்கரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து அவளே அழித்தாள். சாயம் அடித்தாள், துடைத்தாள், பவுடர் அடித்தாள். பிறகு எல்லோரும் வெள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்போம். ஆறு சக்கரத்தில் ஒன்றும் இல்லை. ஏழாவது சக்கரம் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ரம்யாவுடையது. பவுடர் காய்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வெள்ளையின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. எங்கள் கண் எதிரில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாகக் கோடு எழுந்தது, யாரோ உள்ளேயிருந்து எழுதுவதுபோல.

தமிழரசி தீப்பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

ரம்யா அந்தக் காரில்தான் தினமும் இரண்டு பிள்ளைகளையும் ஆலங்காயத்துப் பள்ளிக்கு இறக்கிவிடுகிறவள். அவள் சக்கரத்தைத் தொடவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். “இன்னிக்குக் காலைல கூட போய்ட்டு வந்தேன்” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு திடீரென்று கோபம் வந்து, தமிழரசியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தமிழரசி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டி முடித்துவிட்டு அவள் தோளிலேயே முகத்தை வைத்து ரம்யா அழுதாள். அப்போதும் தமிழரசி கையை அவிழ்க்கவில்லை. அவளைத் தொடத் தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

மீதி இரண்டிலும் விரிசல் இல்லை. போனை எடுக்காதவர் கலசப்பாக்கத்துக்காரர். கோபால் டிராக்டர் வேலையை விட்டுவிட்டு நேரில் போய் விசாரித்தார். அவர் காரை விற்று மூன்று மாதம் ஆகிறது. வாங்கியவர் போளூரில் வாடகைக் கார் ஓட்டுகிற வெற்றிவேல் என்று தெரிந்தது. மறுநாள் தமிழரசி ஸ்பிரே டப்பாக்களையும் அந்த உடைந்த துண்டையும் எடுத்துக்கொண்டு போளூருக்குப் பஸ் ஏறினாள். பள்ளிக்கு லீவு. நானும் கூடப் போனேன்.

வெற்றிவேல் ஐம்பது வயதுக்காரர். ஸ்டாண்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வண்டி சூப்பரா போவுதும்மா. திருப்பதிக்கே ரெண்டு நடை போய்ட்டு வந்துட்டேன். நீ யாரு, எங்கருந்து வர்றே, வீல கழட்டுன்னா கழட்டிடுவாங்களா?” என்றார்.

தமிழரசி வாதாடவில்லை. துண்டை அவர் கையில் வைத்தாள். “இதுவும் சூப்பராத்தான் போச்சிங்க. இதுல ஒரு பொண்ணு தூங்கினு வந்துச்சி.”

அவர் துண்டைப் பார்த்தார். இரண்டு நிற வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தார்.

பக்கத்துப் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றினார்கள். தமிழரசி தேய்த்தாள், அடித்தாள், துடைத்தாள், மறுபடி அடித்தாள். அன்று வெயில் சுள்ளென்று இருந்தது. ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அவள் முழங்காலில் உட்கார்ந்து, மூக்கு படுகிற தூரத்தில் வளையத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

“இல்லீங்க,” என்றாள். “ஒண்ணுமில்ல. ஓட்டுங்க.”

எழுந்து ஸ்பிரே டப்பாக்களைப் பைக்குள் எடுத்து வைத்தாள். வெற்றிவேல் அந்த உடைந்த துண்டை அவள் கையில் திரும்ப வைத்தார். அவர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

துபாய்க்காரர் மார்கழியில் வந்தார். அதிலும் ஒன்றும் இல்லை. கடை மூடவில்லை. கொஞ்ச நாள் வண்டிகள் குறைந்தன, பிறகு வந்தன. தண்ணீர் அடிக்கிறாள், பாலிஷ் போடுகிறாள், பிலிம் ஒட்டுகிறாள். சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி யார் கேட்டாலும் முடியாது என்கிறாள். சாயம் அடித்து விரிசல் பார்த்துச் சொல்வதை மட்டும் செய்கிறாள், அதுவும் கேட்காதவர்களுக்கும் சேர்த்து. என் ஸ்கூட்டர் சக்கரத்தையே நான்கு முறை பார்த்துவிட்டாள்.

போன வாரம் வண்டியை எடுக்கப் போனபோது, ஹோஸ் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். தண்ணீர் சும்மா தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“டீச்சர், அந்தப் பொண்ணு காலைல போன் பண்ணுச்சி,” என்றாள். “பிரியா. கை இப்ப மேல தூக்க முடியுதாம். அதச் சொல்லத்தான் பண்ணுச்சாம்.”

“நல்லதுதானே? நீ இன்னா சொன்னே?”

“ஒண்ணுமே சொல்ல வரல டீச்சர். வாய் தொறக்கவே இல்ல. அதுவே கொஞ்ச நேரம் இர்ந்துட்டு வெச்சிடுச்சி.”

குழாயை மூடிவிட்டு, என் ஸ்கூட்டரைத் துடைக்க வந்தாள்.